முன்னாள் படைவீரர்களும் அரசுப் பணிப் போட்டித் தேர்வுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராணுவம், கடற்படை, விமானப்படையிலிருந்து பென்ஷனோடு வெளியே வருபவர்களில் பலருக்கு நாற்பது வயதுகூட ஆகியிருக்காது. இன்னும் இருபது ஆண்டுகள் வேலை செய்யலாம். அரசு வேலைக்கு இடஒதுக்கீடும் வயதுச் சலுகையும் இருக்கின்றன. ஆனாலும் தேதி தவறியதாலோ ஒரு சான்றிதழ் இல்லாததாலோ கைக்கு வந்த வேலையை இழப்பவர்கள் அதிகம். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, கேட்பவர்கள் கேட்கிற விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறோம்.

மிலிட்டரியில் இருந்து வந்த எல்லாருமே எக்ஸ்-சர்வீஸ்மேன் தானே?

இல்லை. மத்திய அரசு வேலைகளைப் பொறுத்தவரை 1979 ஆம் ஆண்டு விதிகளும் அவற்றுக்கு 2012 இல் வந்த திருத்தமும் சொல்கிற வரையறைக்குள் நீங்கள் வர வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், பென்ஷன் பெற்று வெளியே வந்திருக்க வேண்டும். அதன் பிறகு சொந்த விருப்பத்தில் வந்தீர்களா, காலம் முடிந்து வந்தீர்களா என்பது பொருட்டில்லை. படைப்பணி காரணமாக உடல்நலம் கெட்டு, மருத்துவ அல்லது ஊனமுற்றோர் பென்ஷனோடு அனுப்பப்பட்டவர்கள், ஆட்குறைப்பில் விடுவிக்கப்பட்டவர்கள், குறித்த ஒப்பந்த காலத்தை முழுதாக முடித்துப் பணிக்கொடையோடு வந்தவர்கள் ஆகியோரும் இதில் அடங்குவர். வீரதீர விருது பெற்றவர்களும் உண்டு. பிராந்தியப் படையில் (டெரிட்டோரியல் ஆர்மி) இருந்தவர்களுக்குப் பென்ஷன் இருந்தால் உண்டு.

பென்ஷன் தகுதி வருமுன் சொந்தக் காரணத்துக்காக எழுதிக் கொடுத்து வந்தவர்களும், ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர்களும் வரமாட்டார்கள். பத்து ஆண்டு வேலை பார்த்துவிட்டு, குடும்பச் சூழலால் டிஸ்சார்ஜ் கேட்டு வாங்கியவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ‘விடுவிக்கப்பட்ட காரணம்’ என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படியுங்கள்.

நான் சி.ஆர்.பி.எஃப்.பில் 21 வருஷம் இருந்தேன். எனக்கும் இந்தக் கோட்டா உண்டா?

கிடையாது. சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப். போன்றவை உள்துறை அமைச்சகத்தின் கீழ் வரும் மத்திய ஆயுதக் காவல் படைகள். மேலே சொன்ன விதிகள் தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கு மட்டுமே பொருந்தும். விண்ணப்பத்தில் ‘முன்னாள் படைவீரர்’ என்று தெரியாமல் குறித்துவிட்டால், சான்றிதழ் சரிபார்ப்பில் விண்ணப்பம் ரத்தாகும்.

அக்னிவீர் நாலு வருஷம் முடிச்சுட்டு வந்தா?

அக்னிவீரருக்குப் பென்ஷனோ பணிக்கொடையோ இல்லை என்பதால் அவர் இந்த வரையறைக்குள் வருவதில்லை. அவர்களுக்கு வழி வேறு. 2022 இல் அக்னிபத் திட்டம் வந்தபோதே மத்திய ஆயுதக் காவல் படைகளிலும் அசாம் ரைஃபிள்ஸிலும் 10 சதவீத ஒதுக்கீடும், 3 ஆண்டு வயதுத் தளர்வும் (முதல் அணிக்கு 5 ஆண்டு) அறிவிக்கப்பட்டன. அந்த ஒதுக்கீடு படைக்குப் படை மாறக்கூடியது. விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையைப் பாருங்கள். இந்தப் பக்கத்தின் மற்ற பதில்களை அக்னிவீரர்கள் தங்களுக்கென்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மொத்தம் எத்தனை சதவீதம் இருக்கு?

மத்திய அரசுத் துறைகளில் குரூப் சி பணியிடங்களில் 10 சதவீதம். முன்பு குரூப் டி என்று இருந்த கடைநிலைப் பணிகளில் 20 சதவீதம். ரயில்வேயின் லெவல் 1 பணிகளில் இது இன்றும் அப்படியே கணக்கிடப்படுகிறது. பொதுத்துறை வங்கிகளிலும் நிறுவனங்களிலும் எழுத்தர் நிலைக்கு 14.5 சதவீதம், கடைநிலைக்கு 24.5 சதவீதம். இந்த இரண்டிலும் 4.5 சதவீதம், ஊனமுற்ற முன்னாள் படைவீரர்களுக்கும் போரில் உயிர்நீத்தவர்களின் சார்ந்தோருக்கும் உரியது.

குரூப் பி பணிகளுக்கு இந்த ஒதுக்கீடு இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எஸ்.எஸ்.சி. (மத்தியப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் பட்டதாரித் தேர்வில் குரூப் பி, குரூப் சி இரண்டும் கலந்திருக்கும். ஆடிட்டர், அக்கவுண்டன்ட், டேக்ஸ் அசிஸ்டென்ட் போன்ற குரூப் சி பணிகளுக்குத்தான் உங்கள் கோட்டா வேலை செய்யும். விருப்ப வரிசை கொடுக்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இது சாதிவாரி ஒதுக்கீட்டுக்குக் குறுக்கே செல்லும் ஒதுக்கீடு. பட்டியல் வகுப்பைச் சேர்ந்த முன்னாள் படைவீரர் தேர்வானால் அவர் பட்டியல் வகுப்பு இடத்திலும், ஓ.பி.சி. என்றால் ஓ.பி.சி. இடத்திலும் கணக்கு வைக்கப்படுவார்.

சர்வீஸ் சீனியாரிட்டி பார்த்து வேலை கொடுப்பாங்களா? பரீட்சை கட்டாயமா?

எஸ்.எஸ்.சி., ரயில்வே, வங்கி, டி.என்.பி.எஸ்.சி. எல்லாவற்றிலும் தேர்வு கட்டாயம். 28 ஆண்டு சேவை செய்த சுபேதாரும் 15 ஆண்டு சேவை செய்த நாயக்கும் ஒரே வினாத்தாளைத்தான் எழுதுவார்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பெயர் பதிவு செய்வது நல்லது, செய்யுங்கள். ஆனால் பதிவு செய்துவிட்டுக் கடிதம் வருமென்று காத்திருக்காதீர்கள். ஒவ்வொரு தேர்வுக்கும் நீங்களே ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும்.

எனக்கு 41 வயசு ஆயிடுச்சு. இனிமே எப்படி 27 வயசு பரீட்சை எழுத முடியும்?

முடியும். உங்கள் வயதிலிருந்து படைச் சேவைக் காலத்தைக் கழித்துவிட வேண்டும். மீதி வரும் வயது, அந்தப் பணிக்கான உச்ச வயதைவிட 3 ஆண்டுக்கு மேல் அதிகமாக இருக்கக்கூடாது. 41 வயது, 17 ஆண்டு சேவை என்றால் மீதி 24. உச்ச வயது 27 உள்ள பணிக்குத் தாராளமாகத் தகுதி உண்டு.

இதை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். படையில் சேர்ந்தபோது இருந்த வயதோடு, வெளியே வந்து கழிந்த ஆண்டுகளைக் கூட்டினால் அதே விடை வரும். ஆகவே எவ்வளவு காலம் சேவை செய்தீர்கள் என்பது உங்கள் வயதுத் தகுதியைக் குறைப்பதில்லை. வெளியே வந்தபின் சும்மா கழியும் ஆண்டுகள்தான் குறைக்கின்றன. 21 வயதில் சேர்ந்து, 37 இல் வெளியே வந்து, 47 இல் விண்ணப்பிப்பவருக்கு மீதி 31. உச்ச வயது 27 என்றால் 30 வரைதான், எனவே தகுதி இல்லை. அதே ஆள் உச்ச வயது 30 உள்ள பணிக்கு விண்ணப்பிக்கலாம். எந்தத் தேதியில் வயது கணக்கிடப்படும் என்பது தேர்வுக்குத் தேர்வு மாறும். அறிவிக்கையில் அந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். ரயில்வே அறிவிக்கைகளில் இந்த 3 ஆண்டு, ஓ.பி.சி.க்கு 6 ஆகவும் பட்டியல் வகுப்பு, பழங்குடியினருக்கு 8 ஆகவும் இருக்கும்.

பேங்க் கிளார்க் பரீட்சைக்கும் இதே கணக்கா?

கணக்கு அதேதான், ஆனால் மேலே ஒரு கூரை உண்டு. ஐ.பி.பி.எஸ். (பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் தேர்வு செய்யும் நிறுவனம்) நடத்தும் எழுத்தர் தேர்வுக்கு உச்ச வயது 28. அதோடு சேவைக் காலத்தையும் 3 ஆண்டையும் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் எப்படிக் கூட்டினாலும் 50 வயதைத் தாண்டக்கூடாது. 24 ஆண்டு சேவை செய்தவருக்குக் கூட்டுத்தொகை 55 வரும், ஆனாலும் 50தான் எல்லை. நீண்ட காலம் பணியாற்றிய ஜே.சி.ஓ.க்கள் (சுபேதார் போன்ற இளநிலை அதிகாரிகள்) வங்கித் தேர்வை முதலில் எழுதிவிட்டு மற்றவற்றைப் பிறகு பார்ப்பது புத்திசாலித்தனம்.

எந்த மாநிலத்துக்கு விண்ணப்பிக்கிறீர்களோ அந்த மாநில மொழி தெரிந்திருக்க வேண்டும். பள்ளியில் தமிழ் படித்ததைக் காட்டும் மதிப்பெண் பட்டியலைப் பத்திரமாக வையுங்கள். வெளிமாநிலத்தில் படித்தவர்களுக்கு மொழித் தேர்வு வைப்பார்கள்.

இன்னும் யூனிட்ல தான் இருக்கேன். இப்பவே அப்ளை பண்ணலாமா?

சேவைக் காலம் முடிய ஓராண்டுக்குள் இருந்தால், முன்னாள் படைவீரருக்கான எல்லாச் சலுகைகளோடும் விண்ணப்பிக்கலாம். எஸ்.எஸ்.சி.யில் இந்த ஓராண்டு, விண்ணப்பம் முடியும் நாளிலிருந்து எண்ணப்படும். ஒரு நாள் கூடினாலும் ஏற்க மாட்டார்கள். கட்டளை அதிகாரியிடமிருந்து, உங்கள் காலம் எந்தத் தேதியில் முடிகிறது என்ற சான்றை அறிவிக்கையில் உள்ள படிவத்திலேயே வாங்க வேண்டும். கூடவே நீங்கள் கையெழுத்திடும் உறுதிமொழியும் தேவை. வேலை கிடைத்தாலும் காலம் முடியாமல் சீருடையைக் கழற்ற முடியாது.

இந்தக் கடைசி ஓராண்டுதான் உங்களிடம் இருக்கும் மிகப் பெரிய சொத்து. சம்பளம் வந்துகொண்டிருக்கும், வயதுக் கணக்கில் ஒரு நாளும் குறையாது. டிஸ்சார்ஜ் ஆன பிறகு வீடு கட்டி முடித்துவிட்டுப் படிக்கலாம் என்று தள்ளிப்போட்டால், அந்த வீட்டு வேலையிலேயே இரண்டு மூன்று அறிவிக்கைகள் கடந்துவிடும்.

பத்தாவது தான் படிச்சிருக்கேன். டிகிரி கேட்கிற வேலைக்கு ரெக்கார்ட் ஆபீஸ் கொடுக்கிற சர்டிபிகேட் போதும்னு சொல்றாங்களே?

பாதி உண்மை. (ரெக்கார்ட் ஆபீஸ் என்பது வீரர்களின் சேவைப் பதிவுகளை வைத்திருக்கும் படை அலுவலகம்.) மெட்ரிக் முடித்து (அல்லது ராணுவச் சிறப்புக் கல்விச் சான்றிதழ், கடற்படை, விமானப்படையில் அதற்கு இணையானது வைத்திருந்து) 15 ஆண்டுகளுக்குக் குறையாமல் சேவை செய்தவர்கள், பட்டப்படிப்பைத் தகுதியாகக் கொண்ட குரூப் சி பணிகளுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அது முன்னாள் படைவீரருக்கு ஒதுக்கிய இடங்களுக்கு மட்டும். தொழில்நுட்ப அனுபவம் கட்டாயமான பணிகளுக்குப் பொருந்தாது. யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வுக்கோ, கல்லூரியில் முதுகலை சேரவோ அந்தச் சான்றிதழ் உதவாது.

தவறு எங்கே நடக்கிறது என்றால், தேதியில். அறிவிக்கையில் சொன்ன கடைசி நாளுக்குள் 15 ஆண்டு முடிந்திருக்க வேண்டும். சான்றிதழிலும் அந்த நாளுக்கு முந்தைய தேதி இருக்க வேண்டும். பலர் தேர்ச்சி பெற்ற பிறகு ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதுகிறார்கள். பதில் வரும்போது தேதி பிந்திவிடுகிறது. டிஸ்சார்ஜ் டிரில் (படையிலிருந்து விடுபடும் நடைமுறைகள்) நடக்கும்போதே கையோடு வாங்கிவிடுங்கள். முடிந்தவர்கள் சேவையில் இருக்கும்போதே தொலைதூரக் கல்வியில் ஒரு பட்டம் முடித்துவிட்டால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

இங்கிலீஷ் வராது. தமிழ்ல எழுதற பரீட்சை எது?

எஸ்.எஸ்.சி.யின் எம்.டி.எஸ். (கடைநிலைப் பல்பணி ஊழியர்) தேர்வு, பன்னிரண்டாம் வகுப்பு நிலைத் தேர்வு, ரயில்வே தேர்வுகள், வங்கி எழுத்தர் தேர்வு ஆகியவற்றில் தமிழில் வினாத்தாள் கிடைக்கும். ஆங்கிலப் பாடப் பகுதி மட்டும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். எஸ்.எஸ்.சி. பட்டதாரித் தேர்வு ஆங்கிலம், இந்தி இரண்டில் மட்டுமே. படையில் பேசிப் பழகிய இந்தி இங்கே கைகொடுக்கலாம்; எழுத்து வாசிப்பு வேகமாக வருமா என்று ஒரு பழைய வினாத்தாளில் சோதித்துப் பாருங்கள்.

எங்களுக்குக் கட்-ஆஃப் கம்மி, சும்மா போய் எழுதினாலே கிடைச்சிடும்னு சொல்றாங்க. உண்மையா?

கட்-ஆஃப் பெரும்பாலும் குறைவுதான். ஆனால் அதற்கும் கீழே ஒரு தரை இருக்கிறது. எஸ்.எஸ்.சி. பட்டதாரித் தேர்விலும் பன்னிரண்டாம் வகுப்பு நிலைத் தேர்விலும் குறைந்தபட்ச மதிப்பெண் பொதுப் பிரிவுக்கு 30 சதவீதம், ஓ.பி.சி.க்கு 25, முன்னாள் படைவீரர் உள்ளிட்ட மற்ற பிரிவுகளுக்கு 20. அதைத் தொடாதவரை எத்தனை இடம் காலியாக இருந்தாலும் கிடைக்காது. நிரம்பாத இடங்கள் அடுத்த ஆண்டுக்கு வைக்கப்படுவதில்லை. அதே வகுப்பைச் சேர்ந்த மற்றவர்களுக்குப் போய்விடும். நம்மவர்களுக்கென்று ஒதுக்கிய இடம், நாம் 20 சதவீதம் எடுக்காததால் கைமாறிப் போவது வருத்தமான விஷயம்.

சறுக்குவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, கணிதத்தில் நேரம் போய்விடுவது, அந்தப் பதற்றத்தில் ஊகித்துக் குறித்து எதிர்மதிப்பெண் வாங்குவது. இன்னொன்று தட்டச்சு. எழுத்தர் பணிக்கு ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 35 சொல், இந்தியில் 30 சொல் வேகம் தேவை. துப்பாக்கி பிடித்த கைக்கு அது ஒரு மாதத்தில் வந்துவிடாது. தினமும் அரை மணி நேரம் என்று ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்.

பொதுப் பிரிவுக் கட்-ஆஃபையே தாண்டிட்டேன். அப்பவும் கோட்டால தான் வைப்பாங்களா?

பொதுவாக, தளர்வு எதையும் பயன்படுத்தியவரைப் பொது இடத்தில் வைக்க மாட்டார்கள். ஆனால் சேவைக் காலத்தை வயதிலிருந்து கழிப்பது ‘தளர்த்தப்பட்ட தரம்’ ஆகாது என்று எஸ்.எஸ்.சி. அறிவிக்கைகளே தெளிவாகச் சொல்கின்றன. எனவே மதிப்பெண்ணிலும் கல்வித் தகுதியிலும் சலுகை எடுக்காமல் தேறியவர் பொது இடத்திலேயே வரலாம். அப்போது கோட்டா இடம் இன்னொரு வீரருக்குக் கிடைக்கும்.

சர்டிபிகேட் வெரிபிகேஷன்ல எதுக்கெல்லாம் திருப்பி அனுப்புறாங்க?

பெயரும் பிறந்த தேதியும் முதல் காரணம். பள்ளிச் சான்றிதழில் ஒரு எழுத்து, டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இன்னொரு எழுத்து, ஆதாரில் மூன்றாவது எழுத்து என்று இருப்பவர்கள் அதிகம். தமிழ்ப் பெயரில் தந்தை பெயரைச் சேர்ப்பது, முதலெழுத்தை விரிப்பது ஆகியவற்றில்தான் இந்தக் குழப்பம் வருகிறது. சேவையில் இருக்கும்போது ரெக்கார்ட் ஆபீஸ் மூலம் திருத்துவது எளிது; வெளியே வந்தபின் அலைச்சல்.

அடுத்தது சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டில் பி.சி., எம்.பி.சி. என்று வாங்கியிருக்கும் சான்றிதழ் மத்திய அரசுத் தேர்வுகளுக்குப் போதாது. மத்திய அரசுப் படிவத்தில், ‘கிரீமிலேயர் இல்லை’ என்ற குறிப்போடு ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். கிரீமிலேயர், அதாவது ஓ.பி.சி.யில் வசதி படைத்த பிரிவு, என்பது உங்கள் பென்ஷனைப் பார்த்து முடிவாவதில்லை. பெற்றோரின் நிலையை வைத்தே முடிவாகும்.

இவை தவிர டிஸ்சார்ஜ் புத்தகம், பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கல் ஆணை), முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, மேலே சொன்ன பட்ட இணைச் சான்றிதழ் ஆகியவற்றின் அசலும் நகலும் வேண்டும். டிஸ்சார்ஜ் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களையும் நகலெடுங்கள்.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுதினா என்ன சலுகை?

முன்னாள் படைவீரருக்கு உச்ச வயது பொதுப் பிரிவில் 50, மற்ற வகுப்பினருக்கு 55. இரண்டு முறை தேர்வுக் கட்டணம் இல்லை. ஆனால் தமிழ்த் தகுதித் தாளில் தளர்வு எதிர்பார்க்காதீர்கள். 300 மதிப்பெண்ணில் தமிழ்ப் பகுதி 150. அதில் 40 சதவீதம், அதாவது 60 எடுத்தால்தான் மீதித் தாளைத் திருத்துவார்கள். இருபது ஆண்டு இந்தியிலும் ஆங்கிலத்திலும் புழங்கியவர்களுக்கு இலக்கணம் மறந்திருக்கும். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான அரசுத் தமிழ்ப் பாடநூல்களை வரி விடாமல் படிப்பதுதான் வழி.

அப்பா மிலிட்டரி. பையனுக்குக் கோட்டாவோ ஃபீஸ் சலுகையோ இருக்கா?

எஸ்.எஸ்.சி. தேர்வுகளில் இல்லை. 100 ரூபாய் கட்டண விலக்கு முன்னாள் படைவீரருக்கு மட்டுமே, பிள்ளைகளுக்கு இல்லை. போரில் உயிர்நீத்தவரின் சார்ந்தோருக்கு வங்கி, பொதுத்துறை நிறுவனங்களில் உள்ள 4.5 சதவீதம் பற்றி முன்பே சொல்லியிருக்கிறோம்.

ஐ.ஏ.எஸ். பரீட்சையில் நமக்கு எதுவும் இல்லையா?

இடஒதுக்கீடு இல்லை, வயதுத் தளர்வு உண்டு. குறைந்தது 5 ஆண்டு படைச் சேவை முடித்து முறையாக விடுவிக்கப்பட்டவர்களுக்கு, குறுகிய காலப் பணி அதிகாரிகள் உட்பட, உச்ச வயதான 32 மீது 5 ஆண்டு வரை தளர்வு கிடைக்கும். இங்கே சேவைக் காலம் முழுவதையும் கழிக்கும் கணக்கு கிடையாது. எத்தனை முறை எழுதலாம் என்ற வரம்பும் இதனால் கூடாது. பொதுப் பிரிவுக்கு 6 முறைதான். ஆகவே 18 வயதில் சேர்ந்து 15 ஆண்டு முடித்து, 33 வயதில் பட்டத்தோடு வெளியே வரும் வீரருக்கு நாலு ஆண்டு கையில் இருக்கிறது.

டெக்ஸ்கோவில் (தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகத்தில்) செக்யூரிட்டியா சேர்ந்தா கோட்டா போயிடுமா?

போகாது. ஒப்பந்த, தற்காலிக, தினக்கூலி வேலைகளும், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தக்கூடிய தனியார் வேலைகளும் ‘சிவில் வேலையில் சேர்ந்ததாக’க் கருதப்படுவதில்லை. படித்துக்கொண்டே அந்த வேலை பார்க்கலாம்.

எம்.டி.எஸ். வேலை வந்திருக்கு. இதில் சேர்ந்துட்டு, அப்புறம் பெரிய பரீட்சையில் இன்னொரு முறை கோட்டா கேட்க முடியுமா?

மிகக் கவனமாகக் கையாள வேண்டிய இடம் இது. முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் நிரந்தர அரசு வேலை ஒன்றில் சேர்ந்த நாளோடு அந்த ஒதுக்கீட்டு உரிமை முடிந்துவிடும். 2014 இல் வந்த மத்திய அரசு ஆணை ஒரு வழி தருகிறது: இந்த வேலையில் சேருமுன்பே வேறு தேர்வுகளுக்கு விண்ணப்பித்திருந்தால், அவற்றில் ஒதுக்கீட்டைப் பயன்படுத்தலாம். நிபந்தனை என்னவென்றால், சேர்ந்தவுடனே எந்தத் தேர்வுக்கு எந்தத் தேதியில் விண்ணப்பித்தீர்கள் என்ற பட்டியலை அலுவலகத்தில் எழுத்துமூலம் கொடுத்திருக்க வேண்டும். அந்தக் கடிதத்துக்கு ஒப்புகை வாங்கி வையுங்கள். இது இல்லாமல், இரண்டாவது வேலை கைக்கு வந்தும் சேர முடியாமல் போனவர்கள் இருக்கிறார்கள்.

எனவே முதல் நியமனக் கடிதம் வந்ததும் அவசரப்பட வேண்டாம். சேரும் நாளுக்குள் திறந்திருக்கும் எல்லா அறிவிக்கைகளுக்கும் விண்ணப்பித்துவிட்டுச் சேருங்கள். சேர்ந்தபின் வரும் புதிய அறிவிக்கைகளுக்கு ஒதுக்கீடு இல்லாவிட்டாலும், மத்திய அரசில் உயர்ந்த நிலையிலுள்ள குரூப் சி பணிக்கு வயதுத் தளர்வு மட்டும் தொடரும். அலுவலகத்தின் தடையின்மைச் சான்றோடுதான் விண்ணப்பிக்க வேண்டும்.

வேலை கிடைச்சா பென்ஷன் நின்னுடுமா? சம்பளம் பழைய லெவல்லயே கிடைக்குமா?

பென்ஷன் நிற்காது. அதிகாரி நிலைக்குக் கீழே ஓய்வு பெற்றவர்களுக்குச் சம்பளம் நிர்ணயிக்கும்போது பென்ஷன் முழுவதும் கணக்கில் எடுக்கப்படாமல் விடப்படும். ஆனால் மத்திய அரசுப் பணியில் சம்பளம் அந்தப் பணி நிலையின் தொடக்கத்தில்தான் இருக்கும்: எம்.டி.எஸ். என்றால் அடிப்படை ஊதியம் 18,000 ரூபாய், இளநிலை எழுத்தர் 19,900, டேக்ஸ் அசிஸ்டென்ட் 25,500. ஹவில்தாராக வாங்கிய கடைசிச் சம்பளத்தை எதிர்பார்த்துச் சேர்ந்தால் ஏமாற்றமாக இருக்கும். அதிகாரிகளாக ஓய்வு பெற்றவர்களுக்குப் பென்ஷனில் முதல் 15,000 ரூபாய் மட்டுமே கணக்கிலிருந்து விலக்கப்படும்.

பென்ஷன் மீதான அகவிலைப்படி தனி விஷயம். ஜே.சி.ஓ. மற்றும் அதற்குக் கீழ் நிலையில் ஓய்வு பெற்று, புதிய வேலையில் சம்பளம் குறைந்தபட்சத்தில் நிர்ணயிக்கப்பட்டு, பென்ஷன் முழுதும் விலக்கப்பட்டவர்களுக்கு அது தொடரும். பழைய சம்பளத்தைப் பாதுகாத்து மேலே நிர்ணயம் செய்திருந்தால் கிடைக்காது. சேர்ந்ததும் உங்கள் அலுவலகத்திடம் இதற்கான சான்று வாங்கி, பென்ஷன் ஸ்பர்ஷில் (பாதுகாப்புத் துறையின் ஆன்லைன் பென்ஷன் தளம்) வந்தால் அங்கும், வங்கி வழியே வந்தால் அந்த வங்கியிலும் கொடுத்துவிடுங்கள். வேலையில் சேர்ந்ததைத் தெரிவிக்காமல் சம்பளத்தோடு பென்ஷன் மீதான அகவிலைப்படியையும் வாங்கிக்கொண்டிருந்தால், சில ஆண்டுகள் கழித்து மொத்தமாகப் பிடித்தம் செய்வார்கள்.